லீவ் லெட்டர் கம்பெனி

ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு வாட்ஸப் குழுவில் உட்கார்ந்துகொண்டு காலையில் ரோஜாப்பூவும் ராத்திரி தத்துவமும் அனுப்பும் என் அருமைக் கூட்டாளிகளே! நம் பள்ளிக்கூடத்தில் மறுபடியும் 'இளம் முதலாளிகள்' வகுப்பு தொடங்கப் போகிறார்களாம். முதன்முதலாக அந்த வகுப்பு நடந்தபோது முதல் பரிசு வாங்கிய அணியில் நான் இருந்தேனாம். அதனால் விழா மலருக்கு இரண்டு பக்கம் நினைவுக் குறிப்பு எழுதித் தரச் சொல்லிப் போன மாதம் முழுக்க என் உயிரை எடுத்தீர்கள். 'பசங்களுக்கு மோட்டிவேஷனா இருக்கணும்' என்று கூடவே ஒரு கட்டளை. எழுதிவிட்டேன். இரண்டு பக்கத்துக்குள் அடங்கவில்லை. மலரில் போடுவீர்களோ போண்டா மடிப்பீர்களோ, அது உங்கள் பாடு.

அதே மாதம் அதே குழுவில் இன்னொரு செய்தியும் வந்தது. நம்மோடு படித்த ஒருத்தியின் அப்பா வேப்பம்பட்டில் இறந்துபோனார். முப்பது பேருக்கு மேல் கும்பிடு பொம்மை போட்டீர்கள். நேரில் ஒரு ஆள் போகவில்லை. ஏன் போகவில்லை என்று யாரும் யாரையும் கேட்கவும் இல்லை. கேட்க என்ன இருக்கிறது? நம் தெருக்களில் அவருக்குக் காட்டிக்கொடுத்தவன் என்று பெயர். இரும்புக் கம்பெனியில் பதினொரு பேர் வேலைக்கு உலை வைத்தவன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக அந்தப் பெயர் அவர் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பதினொரு பேரில் ஒருவர் என் நைனா. அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. அந்த மனிதர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. எப்படித் தெரியும் என்கிறீர்களா? எழுதச் சொன்னீர்கள் அல்லவா, உட்கார்ந்து கடைசிவரை படியுங்கள்.

நமக்கெல்லாம் நாற்பது தாண்டிவிட்டது. எனக்கு மாடிப்படி ஏறினால் முட்டி கூப்பாடு போடுகிறது. உங்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்குத் தொப்பை. அதனால் ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, சொல்லிவிடுகிறேன். அப்போது எங்கள் வீடு கும்மிடிப்பூண்டியில், இரும்புக் கம்பெனி மதிலுக்குப் பின்னால். கொடியில் காயப்போட்ட துணியை எடுத்தால் ஒரு உதறு உதறித்தான் மடிக்க வேண்டும். கறுப்பாகப் பொடி கொட்டும். மழைக்காலத்தில் அது துணியிலேயே ஊறிவிடும். என் வெள்ளைச் சட்டை ஒரு நாளும் வெள்ளையாக இருந்ததில்லை. அதற்கு வாரம் ஒரு தடவை பி.டி. சாரிடம் அடி வேறு.

நைனா அந்தக் கம்பெனியில் உலைப் பக்கம் வேலை. ஏழு வருஷமாகக் காண்ட்ராக்ட். பர்மனென்ட் ஆட்களுக்கு போட்டோ ஒட்டிய பிளாஸ்டிக் கார்டு. காண்ட்ராக்ட் ஆட்களுக்கு ரோஸ் நிறத்தில் ஒரு அட்டை. மாதாமாதம் ஒன்றாம் தேதி புது அட்டை தருவார்கள். தந்தால் அந்த மாதம் வேலை உண்டு, தராவிட்டால் இல்லை. வியர்வையில் நனையாமல் இருக்க நைனா அதைப் பால் கவரில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். எங்கள் வீட்டில் எதைக் கேட்டாலும் அம்மாவிடம் ஒரே பதில்தான். 'நைனாவுக்கு பர்மனென்ட் ஆவட்டும்.' கம்மல் கேட்டாலும் அதுதான், சைக்கிள் கேட்டாலும் அதுதான். பிளஸ் டூவுக்கு மேல் என்னைப் படிக்க வைப்பதும் அதில்தான் நின்றுகொண்டிருந்தது.

இந்த லட்சணத்தில்தான் அந்தக் கம்பெனி நம் பள்ளிக்கூடத்துக்கு ஒரு உபகாரம் செய்தது. சனிக்கிழமை தோறும் நமக்கு முதலாளி ஆவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கப் பட்டணத்திலிருந்து ஒருவரை அனுப்பியது. நாம் அவரைத் தொழில் சார் என்று கூப்பிட்டோம். மழைக்காலச் சேற்றில் பளபளவென்று பூட்ஸ் போட்டு, கழுத்தில் டை கட்டி, மின்விசிறி ஓடாத வகுப்பில் வேர்க்க விறுவிறுக்க நிற்பார். நின்றதும் முதல் வேலையாக நம்மைக் கத்தவிடுவார்.

"நீங்கள்லாம் வேலை தேடப் போறீங்களா, வேலை குடுக்கப் போறீங்களா?"

"குடுக்கப் போறோம் சார்!"

"கேக்கல. நீங்க யாரு?"

"மொதலாளி!"

பள்ளிக்கூட மதிலுக்கு அந்தப் பக்கம் ரோட்டில் நம் அப்பன்மார்கள் ரோஸ் அட்டையோடு ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். இந்தப் பக்கம் நாம் தொண்டை கிழிய மொதலாளி மொதலாளி என்று கத்திக்கொண்டிருப்போம். அந்த மனிதருக்கும் இதில் ஒரு கூச்சம் இல்லை, நமக்கும் இல்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

மூன்று மூன்று பேராகப் பிரித்து ஆளுக்கொரு பதவி கொடுத்தார். எங்கள் அணிக்கு எம்.டி. யார் தெரியுமா? இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தவன். அவ்வளவுதான் தகுதி. கணக்கில் முட்டை வாங்குகிறவன் ஒரே நாளில் எம்.டி. ஆகிவிட்டான். மார்க்கெட்டிங் மேனேஜர், பழவேற்காட்டிலிருந்து வந்து பஜாரில் மாமா வீட்டில் தங்கிப் படித்த பையன். மாமாவுக்கு ஜவுளிக்கடை. கல்லாப்பெட்டிக்கு மேல் தலை தெரியும் உயரம் வந்த நாளிலிருந்து கடையில் நின்றவன். அவனுக்கு வியாபாரம் சொல்லிக்கொடுக்க டை கட்டிக்கொண்டு ஒருவர். முதல் வகுப்பு முடிந்ததும் அவன் என்னிடம் கேட்டான்.

"இவரு ஒரு நாளாவது கல்லால குந்திக்கிறாரா? கடன் கேக்க வர்றவன் மூஞ்சி எப்டி இருக்கும்னு தெரியுமா இவருக்கு?"

நான் புரொடக்‌ஷன். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் எதையாவது எழுத வைக்கலாம் என்று சார் கணக்குப் போட்டார்.

மற்ற அணிகள் என்ன செய்தார்கள் என்று உங்களுக்கே தெரியும். மெழுகுவர்த்தி, பினாயில், காகிதப் பை. கம்பெனி ஏரியாவில் காகிதப் பையை யார் வாங்குவான்? வீட்டுக்கே விற்றுக்கொண்டீர்கள். உங்கள் அத்தைமார்கள் அந்த மழைக்காலம் முழுக்கப் பினாயில் வாங்கியே நொந்துபோனார்கள்.

எங்களுக்குத் தொழில் தானாக வந்தது. இரும்புக் கம்பெனிக்குப் புதிதாக ஒரு ஆபீசர் வந்திருந்தார். லீவ் லெட்டர் கொடுக்காமல் நின்றால் அடுத்த மாதம் அட்டை கிடையாது என்று சட்டம் போட்டார். லெட்டர் இங்கிலீஷில் இருக்க வேண்டும். பம்பாயில் இருக்கும் தலைமை ஆபீசுக்கு பைல் போகிறதாம். உலையில் இரும்பு காய்ச்சுகிறவன் இங்கிலீஷுக்கு எங்கே போவான்? ஆரணியில் என் அத்தை பிள்ளைக்குக் காது குத்து. அதற்குப் போக நைனா என்னிடம் வந்தார்.

"அம்மாடி, இங்கிலீஷுல ஒரு லீவ் லெட்டரு எழுதிக்குடும்மா. ஒரு நாளைக்கி."

எனக்குத் தெரிந்த லெட்டர் ஒன்றுதான். உங்களுக்கும் அது ஒன்றுதான் தெரியும். ரெஸ்பெக்டட் சார், ஆஸ் ஐ யாம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர். காது குத்துக்கு இங்கிலீஷ் யாருக்குத் தெரியும்? மளமளவென்று எழுதி, பழக்க தோஷத்தில் கீழே யுவர் ஒபீடியன்ட் ஸ்டூடன்ட் என்றும் போட்டுவிட்டேன். நாற்பத்திரண்டு வயது மனுஷர் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். சூப்பர்வைசர் வாங்கி பைலில் குத்திவிட்டார். மறுநாளே நைனாவோடு வேலை செய்யும் இரண்டு பேர் எங்கள் வாசலில் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்கள்.

மார்க்கெட்டிங் மேனேஜருக்கு இது காதில் விழுந்ததும் கண் விரிந்தது. ஷிஃப்ட் விடும் நேரத்துக்குக் கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடையில் போய் நின்றுகொண்டு ஆர்டர் பிடிக்க ஆரம்பித்தான். ஒரு லெட்டர் இரண்டு ரூபாய். நான் பரீட்சை அட்டையில் கிளிப் போட்டு, ஃபுல்ஸ்கேப் தாளில், மார்ஜின் கோடெல்லாம் போட்டு எழுதினேன். மண்ணெண்ணெய் வாசனையும் கம்பெனிப் புகையும் கலந்த அந்த வீட்டு மூலை இப்போதும் மூக்கில் நிற்கிறது. நம் இங்கிலீஷ் புத்தகத்தில் இரண்டே லெட்டர். ஒன்று காய்ச்சல், இன்னொன்று அக்கா கல்யாணம். அதனால் அறுப்புக்குப் போனவன், ரேஷனுக்கு நின்றவன், மச்சான் சாவுக்குப் போனவன் எல்லோருக்கும் ஒன்று காய்ச்சல் வந்தது, இல்லை அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. ஐம்பத்தைந்து வயதுப் பெரியவர் ஒருவருக்கு ஒரே மாதத்தில் இரண்டு அக்கா கல்யாணம். எம்.டி. ஒரு வேலையும் செய்யவில்லை, சொல்லிவிடுகிறேன். கணக்கு நோட்டில் தன் பெயரை மட்டும் பெரிதாக எழுதி வைத்திருந்தான்.

தொழில் சார் எங்களைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார். "இதான்யா சேவைத்துறை!" என்றார். சிரித்தோம். அந்த வயதுவரை என்னை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை. மண்டை கனத்துவிட்டது.

மார்கழி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து நைனாவையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் எங்கள் வீட்டில் கூடினார்கள். எல்லோரும் ஏழு எட்டு வருஷமாக ரோஸ் அட்டைக்காரர்கள். பாயில் நெருக்கி உட்கார்ந்து பேசினார்கள். நான் டீ டம்ளர் எடுத்துக்கொண்டு போனேன். திருவள்ளூரில் ஒரு வக்கீலைப் பார்த்து, பர்மனென்ட் கேட்டுக் கேஸ் போடுவது என்று முடிவு. எல்லோரும் ஒரே நாளில் போக வேண்டும், வக்கீல் ஒவ்வொருத்தராகப் பார்த்துக் கையெழுத்து வாங்க வேண்டுமாம். அடுத்த நாள் மாலை மார்க்கெட்டிங் மேனேஜர் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"பல்க் ஆர்டரு! பதினொரு லெட்டரு! ஒரே தேதி!"

பன்னிரண்டாவது ஆளுக்கு, இப்போது வேப்பம்பட்டில் இறந்துபோனவருக்கு, லெட்டர் தேவைப்படவில்லை. அவருக்கு அந்த வாரம் நைட் ஷிஃப்ட். காலையில் வேலை முடித்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடுகிறேன் என்று சொல்லியிருந்தார். அன்றைக்குக் காலையில் மாற்று ஆள் வரவில்லை என்று சூப்பர்வைசர் அவரை கேட்டிலேயே மடக்கி, அடுத்த ஷிஃப்டுக்கும் நிறுத்திக்கொண்டார். அதனால் அவர் மட்டும் வக்கீலிடம் போகவில்லை. இதுதான் அவர் செய்த குற்றம். வேறு ஒன்றும் இல்லை.

மற்றப் பதினொரு பேரும் இரண்டு பஸ் மாறிப் போய் வந்தார்கள். வக்கீல் சொன்னதை நைனா அம்மாவிடம் சொன்னார். "பழைய அட்டை, சம்பளச் சீட்டு எல்லாம் சேத்துக்கினு பொங்கல் கழிச்சி வரச் சொல்லிக்கிறாரு. கேஸு பைல் ஆவுற வரிக்கும் மூச்சு வுடக் கூடாதாம். பைல் ஆய்ட்சின்னா நம்ம மேல கைய வெக்க முடியாதாம்."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "ஊட்டுல பேசுனது ஊட்டோட. வெளிய போச்சி, நைனா வேல போச்சி. தெர்தா?"

"தெர்யுது."

தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. சின்னப்பெண், ஒன்றும் விளங்காமல் செய்துவிட்டாள் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை நம் கண்காட்சி. ஒவ்வொரு அணியும் ஒரு சார்ட் வைக்க வேண்டும், அதில் வாடிக்கையாளர் விவரம் முழுக்க இருக்க வேண்டும் என்பது தொழில் சாரின் உத்தரவு. பெயர், பிரிவு, தேதி, வாடிக்கையாளரின் உண்மையான தேவை, நாம் கொடுத்த பொருள். ஐந்து கட்டம். 'உண்மையான தேவை'யைக் கண்டுபிடிப்பதில்தான் முதலாளியின் மூளையே இருக்கிறதாம். நான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வகுப்பில் தரையில் படுத்துக்கொண்டு சார்ட் எழுதினேன். காது குத்து, அறுப்பு, ரேஷன் எல்லாவற்றையும் உள்ளபடி எழுதினேன். அந்தப் பதினொரு பேருக்கு மட்டும் உண்மையான தேவை என்ற கட்டத்திலும் காய்ச்சல் என்றே போட்டேன்.

சார் வந்து குனிந்து பார்த்தார்.

"என்னம்மா இது? ஒரே நாள்ல பதினோரு பேருக்குக் காய்ச்சலா? டேட்டாவ சமைக்கிறியா?"

நான் ஸ்கேலை எடுத்து அடுத்த கட்டத்துக்குக் கோடு போட்டேன்.

"உண்மையச் சொல்லு. எங்க போனாங்க?"

"தெரியாது சார்."

"முதல் ஆளே உங்கப்பா. தெரியாதா? ஃபர்ஸ்ட் ப்ரைஸ் உங்களுக்குன்னு நெனச்சுட்டிருந்தேன். பொய் டேட்டா வெச்சா பினாயில் டீமுக்குத்தான் குடுக்கணும்."

மார்க்கெட்டிங் மேனேஜர் குறுக்கே வந்தான். "வாணாம் சார். கஷ்டமர் எதுக்கு வாங்குறான்னு வெளிய சொல்லக் கூடாது. எங்க மாமாவுக்குத் தெரிஞ்சா தோல உரிச்சிடும்."

"அது பெட்டிக்கடை புத்தி," என்றார் தொழில் சார். "இது மாடர்ன் பிசினஸ்."

அந்த வகுப்பிலேயே தொழில் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். பதினான்கு வயது. அவன் வாயை மூடிவிட்டு நமக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தார் அந்த அறிவுக்கொழுந்து.

எம்.டி. என்னைப் பார்த்து, "எழுதித் தொல. நீதான புரொடக்‌ஷனு," என்றான். பினாயில் டீமுக்கு முதல் பரிசு என்பது என்னால் தாங்க முடியாத விஷயமாக இருந்தது. வேறு காரணம் தேடிப் பார்த்துவிட்டேன், இருபத்தைந்து வருஷமாகத் தேடுகிறேன், கிடைக்கவில்லை. கட்டத்தில் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டி, சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால், பதினொரு பேருக்கும் சேர்த்து ஒரு அடைப்புக்குறி போட்டு எழுதினேன்: 'திருவள்ளூர் வக்கீல். பர்மனென்ட் கேஸ்.' எழுதிவிட்டு நைனா பெயரைச் சுற்றி ஜிகினா ஒட்டினேன். முதல் வாடிக்கையாளர் அல்லவா?

மறுநாள் சிறப்பு விருந்தினர் யார்? உதவி செய்யும் கம்பெனியின் ஆபீசர். வேறு யார் வருவார்? சால்வை போர்த்தி, போண்டா கொடுத்து, ஒவ்வொரு மேசையாக அழைத்து வந்தார்கள். எங்கள் மேசையில் மாதிரி லெட்டரைப் பார்த்ததும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"ஓ, அந்த ஒபீடியன்ட் ஸ்டூடன்ட் நீங்கதானா! எவன்டா இப்படி எழுதறான்னு ரெண்டு மாசமா மண்டைய ஒடச்சிட்டிருந்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். தலைமை ஆசிரியர் ரொம்பச் சிரித்தார். ஆபீசர் அப்படியே சார்ட் பக்கம் திரும்பினார். பாதி போண்டா கையில் இருந்தது. மேலிருந்து கீழே படித்தார். மறுபடியும் படித்தார். விரலை வைத்து ஒவ்வொரு பெயராக இறங்கினார். சிரிப்பு போய்விட்டது, ஆனால் குரல் இனித்தது.

"யாரு எழுதுனது? முத்து முத்தா இருக்கே கையெழுத்து."

"நான் சார்."

"வெரி குட். இந்தச் சார்ட்ட நான் எடுத்துக்கலாமா? கம்பெனில மாட்டி வெக்கறேன்."

தொழில் சாரே அதைக் கழற்றினார். அவரே சுருட்டினார். தன் பையிலிருந்து ஒரு ரப்பர் பேண்ட் எடுத்துப் போட்டு, இரண்டு கையாலும் நீட்டினார். முதல் பரிசு எங்களுக்கு, ஆளுக்கொரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். ஆபீசர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறும்போதுதான் என் கையெழுத்து எங்கே போகிறது என்று எனக்கு உறைத்தது. அப்போதாவது ஓடிப்போய் நைனாவிடம் சொல்லியிருக்கலாம். அவர்கள் அன்றைக்கே வக்கீலிடம் ஓடியிருப்பார்கள். சொல்லவில்லை. பொங்கலுக்குப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு கரும்பு தின்றேன்.

பிப்ரவரி ஒன்றாம் தேதிக்குக் கேஸ் பைல் ஆகவில்லை, இரண்டு பேருக்குப் பழைய அட்டை கிடைக்காமல் இழுத்துக்கொண்டிருந்தது. அன்றைக்குக் காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போன நைனா ஏழு மணிக்குத் திரும்பி வந்தார். டிபன் கேரியர் கனமாகவே இருந்தது. அம்மா அதைக் கையில் வாங்கினாள், வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். பதினொரு பேருக்கு அட்டை இல்லை. பன்னிரண்டாவது ஆளுக்கு மட்டும் அட்டை வந்தது.

பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், நீங்களும் சேர்ந்துதானே நடத்தினீர்கள். அவர் வராமல் நின்றதற்குக் காரணம் இப்போது எல்லோருக்கும் 'விளங்கி'விட்டது. நானும் என் சொந்தக் காதால் கேட்டேன், எங்கள் வாசலில் நின்றுகொண்டு அந்த மனிதர் சொன்னார்: "கர்த்தர் மேல ஆணையா நான் சொல்லலப்பா. நம்புங்கப்பா." யாரும் நம்பவில்லை. சர்ச்சில் அவர் உட்காரும் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. இரண்டு வருஷம் கழித்து அவரைப் பர்மனென்ட் செய்தபோது, அதுதான் சாட்சி என்றார்கள். அவர் மகள் நம் வகுப்பு. அவளைக் 'கருங்காலி' என்று கூப்பிட்டோம். அவளோடு சாப்பிடக் கூடாது என்று வீட்டில் சொன்னார்கள், சாப்பிடவில்லை. நானும் எழுந்து தள்ளி உட்கார்ந்தேன், பரிசாக வாங்கிய டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு. பத்தாவது பாதியில் அவளைக் கடம்பத்தூரில் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

தொழில் சாரைத் தவிர எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் உண்மை தெரியும், கண்காட்சியில் நீங்கள் யாரும் போண்டாவை விட்டுவிட்டு எங்கள் சார்ட்டைப் படிக்கவில்லை. "வாயத் தொறந்தா மூணு பேருக்கும் டி.சி.தான்," என்றான் எம்.டி. அவன் அன்றைக்குச் செய்த ஒரே நிர்வாக வேலை அதுதான். மார்க்கெட்டிங் மேனேஜர் அதற்குப் பிறகு அந்த வகுப்புக்கே வரவில்லை, இப்போது துபாயில் இருக்கிறான், குழுவில் பேசுவதில்லை. எம்.டி. இன்றைக்கு அதே ஏரியாவில் கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் காண்ட்ராக்டர். மாதாமாதம் அட்டை போடுகிறான். அவன்தான் நம் குழுவுக்கு அட்மின், விழாக் கமிட்டித் தலைவர், என்னிடம் மோட்டிவேஷன் கேட்டவன். வகுப்பில் பாடத்தை ஒழுங்காகக் கற்றவன் அவன்தான், அதில் சந்தேகமே இல்லை.

தொழில் சாரை அடுத்த வருஷமே கம்பெனி நிறுத்திவிட்டது. அவரும் வகுப்புக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியவர்தானாம். நம்மை வேலை கொடுக்கச் சொன்ன மனிதர் பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் ஒருவரிடம் வேலை கேட்டுக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். பரிதாபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை.

நைனா அதற்குப் பிறகு ஆரணிப் பக்கம் ஒரு அரிசி மில்லில் மூட்டை தூக்கினார். நான் பிளஸ் டூவோடு நின்றேன். வேலைக்குப் போய் முதல் சம்பளம் வாங்கிய அன்று, அவர் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் பீடியை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எனுக்கு அப்பவே தெரியும்மா. வாட்ச்மேன் சொன்னான். 'உன் பொண்ணு எழுதுன சார்ட்டு ஆபீசர் ரூம்புல கீது'ன்னான்."

"தெரிஞ்சும் ஏன் நைனா சொல்லல? அந்த ஆளு..."

"சொல்லிட்டா? பத்து ஊட்டுக்காரனும் நம்ம வாசல்ல வந்து நின்னுருப்பான். உன்ன ரோட்ல நடக்க வுட்ருப்பானா? அவனுக்கு இன்னா? அவனுக்கு வேல இருந்திச்சி."

என் மேல் உயிரையே வைத்திருந்தவர். அந்த உயிரை வைத்துத்தான் இன்னொருத்தர் மானத்தை அடகு வைத்தார். நான் அவரைத் திட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சோறு போட்டுக் கொடுத்தேன். நைனா போய் மூன்று வருஷம் ஆகிறது. அந்தப் பன்னிரண்டாவது மனிதரும் இப்போது போய்விட்டார். இரண்டு பேரும் போன பிறகுதான் எனக்கு வீரம் வந்திருக்கிறது. என் மேல் துப்புங்கள், துடைத்துக்கொள்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வேப்பம்பட்டுக்குப் போனேன். ஸ்டேஷனில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, மூன்று மாடி ஏறினேன். அவள்தான் கதவைத் திறந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. என்னைத் தெரிந்துகொண்டாள், ஆனால் உள்ளே வா என்று சொல்லவில்லை.

"இன்னா விஷயம்?"

வாசற்படியில் நின்றபடியே சொன்னேன். சார்ட், சிவப்பு ஸ்கெட்ச் பேனா, ஆபீசர், என் நைனா, எல்லாம். ஒன்றையும் விடவில்லை. அவள் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அழவும் இல்லை, திட்டவும் இல்லை.

"ஆஸ்பத்திரில கெடக்கும்போது கூட எங்கப்பா கேட்டாரு," என்றாள். "கும்மிடிப்பூண்டிலருந்து யாருனா வந்தாங்களான்னு."

கதவை விட்டு விலகி நின்றாள்.

"எங்கம்மா உள்ள கீது. காது கேக்காது. கிட்ட போய் கத்திச் சொல்லு."

அந்த அம்மா கட்டிலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து மெதுவாகச் சொன்னேன். அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "இன்னா? இன்னா சொல்ற?" என்றார். ஜன்னல்கள் திறந்திருந்தன. பக்கத்து வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைச் சமையல் நடந்துகொண்டிருந்தது. "கத்து," என்றாள் அவள், பின்னால் நின்றுகொண்டு.

கத்தினேன். "உங்க ஊட்டுக்காரரு காட்டிக்குடுக்கல! நாங்கதான்! நான்தான் பேர எழுதிக்குடுத்தேன்!"

எதிர் வீட்டுக் கதவு திறந்தது. மாடிப்படியில் யாரோ நின்றார்கள். அந்த அம்மா கையிலிருந்த பூண்டைக் கீழே வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இன்னொரு தபா சொல்லு," என்றார். "அவங்களுக்கும் கேக்கட்டும்."